கம்பளிக்குள் மேட்டுப்பாளையம்

ஊசிக்கல் எஸ்டேட்டில் பனி விழாத வருஷம் என்று ஒன்று கிடையாது. ஆனால் கிஷோருக்கு நாலு வயசு நடந்த அந்தக் கார்த்திகையில் இறங்கிய பனி, மற்ற வருஷத்துப் பனிகளைப் போல விடியற்காலையில் வந்து வெயில் ஏறியதும் மரியாதையாகக் கிளம்பிப் போகிற பனியாக இல்லை. மருமகன் வீட்டுக்கு வந்த மாமனார் மாதிரி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சம்மணம் கட்டி உட்கார்ந்துவிட்டது. குழாய்க்குள்ளேயே தண்ணீர் கட்டிக்கொண்டது, தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்துப் போட்டு உள்ளங்கையால் எவ்வளவு தட்டினாலும் ஒரு சொட்டு விழவில்லை, மேல் டிவிஷனில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடுகளின் தகரக் கூரையெல்லாம் உப்பு கொட்டினாற்போல வெளுத்துக் கிடந்தது, தேயிலைக் கொழுந்து மொத்தமும் கருகிப்போனதால் எடுப்பதற்குக் கொழுந்தும் இல்லை. பெண்களுக்கெல்லாம் நாற்றுகளை மூடுகிற வேலைதான் மிச்சமிருந்தது.

மூடுகிற வேலை லேசு என்று கீழ்நாட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். சாயங்காலம் பெரணித் தழையை வெட்டிக்கொண்டு வந்து ஒவ்வொரு இளங்கன்றாகப் போர்த்த வேண்டும், காலையில் தழைக்கு அடியில் கையை விட்டு, சில்லிப்பு போய்விட்டதா என்று தொட்டுப் பார்த்துத்தான் திறக்க வேண்டும். அவசரப்பட்டுத் திறந்து, பனி படிந்த இலைமேல் சுரீரென்று வெயில் பட்டதோ, கன்று அன்றைக்கே கருகும். அதனால் கையை நம்பு, கடிகாரத்தை நம்பாதே என்பது அங்கே எல்லோருக்கும் பழகிய விஷயம். சூப்பர்வைசர் பெஞ்சமின்கூட, கையில் கட்டியிருந்த வாட்சைப் பார்க்காமல் குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் விசில் ஊதுவார்.

யோகராணியும் அந்த வேலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தாள். புருஷன் மோகனதாஸ் திருப்பூரில் சாயப்பட்டறையில் இருந்தான், பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வருவான். வீட்டில் இருந்தது அவளும் கிஷோரும் கிஷோருடைய வீசிங்கும். பனி தொடங்கிவிட்டால் போதும், பிள்ளையின் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துகிற மாதிரி ஒரு சத்தம் வந்துவிடும், உதடு நீலம் பாய்ந்துவிடும், ராத்திரியெல்லாம் அவனை மடியில் நிமிர்த்தி வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பாள். கோத்தகிரியில் டாக்டரிடம் காட்டினாள். பிள்ளையைச் சூடாக வைத்துக்கொள்ளச் சொன்ன டாக்டர், சொன்ன கையோடு தன் கையைத் தன்னுடைய ஸ்வெட்டருக்குள்ளேயே விட்டுக்கொண்டார். ஊரெல்லாம் பனி பெய்கிறபோது பிள்ளையை எங்கே கொண்டுபோய்ச் சூடாக வைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நாற்றை மூடத் தழை இருக்கிறது, நான் பெற்றதை மூட என்ன இருக்கிறது என்று தழை வெட்டும்போதெல்லாம் நினைத்துக்கொள்வாள்.

இருந்தது ஒரு கம்பளி. எஸ்டேட்டில் ஆளுக்கொன்று கொடுக்கிற கறுப்புக் கம்பளி, உடம்பில் பட்டால் அரிக்கும், நனைந்தால் ஆட்டு மந்தை வாசம் அடிக்கும். ஜன்னல் கம்பிக்கும் மோகனதாஸின் சட்டை தொங்குகிற ஆணிக்கும் நடுவே கயிற்றைக் கட்டி, அந்தக் கம்பளியைக் கூடாரமாகப் போட்டு, கீழே சாக்கை விரித்து, அதன்மேல் தன் பழைய சேலையை மடித்துப் போட்டு, கிஷோரிடம் இதுதான் மேட்டுப்பாளையம் என்று சொன்னாள். மலைப் பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையம் என்றால் போதும். பஸ் மலையை விட்டு இறங்க இறங்க ஸ்வெட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொள்கிற ஊர், ஐஸ் கேட்டால் திட்டாமல் வாங்கிக் கொடுக்கிற ஊர் அது.

ஆட்டத்துக்குச் சட்டம் உண்டு. உள்ளே தவழ்ந்து போனதும் ஸ்வெட்டரைக் கழற்ற வேண்டும், ஸ் ஸ் என்று ஊதிக்கொண்டு கல்யாணப் பத்திரிகையால் விசிறிக்கொள்ள வேண்டும், என்னா வெயில் என்று சலித்துக்கொள்ள வேண்டும். அவள் வெளியே இருந்து மோர் மோர் என்று கூவி டம்ளரில் சுடுதண்ணீரை நீட்டுவாள். டார்ச் வெளிச்சத்தில் விரலை மடக்கிக் கம்பளிமேல் யானை நடக்கவிடுவாள், ரயில் விடுவாள், சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கை மாம்பழம் என்று விற்பாள். ஒரே ஒரு சட்டம்தான் விளையாட்டில்லாமல் சொன்னது. "பனி விடுறவரைக்கும் வெளிய வரக் கூடாது சாமி. அம்மா கையத் தொட்டுப் பாரு, சூடா இருந்தா பனி விட்டுருச்சுன்னு அர்த்தம். அப்ப வரலாம்." நாற்றுக்குச் செய்வதைத்தான் பிள்ளைக்கும் சொன்னாள், அதில் ஒரு தப்பும் அவளுக்குத் தெரியவில்லை.

ஒருநாள் மத்தியானம் கிஷோர் கம்பளிக்குள்ளிருந்து தன் பனியனைக் கழற்றி வெளியே எறிந்தான். எடுத்தாள், பிழிந்தால் சொட்டுகிற அளவுக்கு வேர்வை. தலையை மட்டும் உள்ளே நுழைத்துப் பார்த்தாள். சித்திரை மாசத்துச் சூடு முகத்தில் அடித்தது, எங்கேயோ பஸ் ஸ்டாண்டில் மாங்காய் கீறுகிற வாசம் வந்தது, சாக்கு விரித்த இடத்துக்கு அப்பால் இன்னும் இடம் இருந்தது, அதற்கும் அப்பால் இடம் இருந்தது. ஆச்சரியப்பட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு நேரமில்லை, அடுப்பில் சோறு இருந்தது. பனியனை உதறிக் கொடியில் போட்டாள். போட்ட பிறகுதான் பூனைக்குட்டிச் சத்தம் கேட்கவில்லை என்பது உறைத்தது. காதைக் கம்பளியோடு ஒட்டிவைத்துக் கேட்டாள். பிள்ளை நன்றாக, ஆழமாக, எல்லாப் பிள்ளைகளையும்போல மூச்சு விட்டுக்கொண்டிருந்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள், சோறு அடிப்பிடிக்கிறவரை அழுதாள்.

லயன் வீட்டில் சோறு அடிப்பிடித்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். என்ன தீய்கிறது என்று பார்க்க வந்த பக்கத்து வீட்டு அன்னக்கிளி, கம்பளிக்குள் கையை விட்டுப் பார்த்தாள், திரும்பிப் போனாள், போன சுருக்கில் தன் இரண்டு பெண் பிள்ளைகளையும் தன் வீட்டுக் கம்பளியையும் சாக்கு தைக்கிற ஊசியையும் எடுத்துக்கொண்டு வந்துவிட்டாள். "இதுகளுக்கும் ராத்திரியெல்லாம் பல்லு கிட்டிக்குது யோகம். ஒரு ஓரமா இருக்கட்டும்" என்றாள். யோகராணி கம்பளி ஓரத்தைத் தூக்கிப் பிடித்தாள். கம்பளியோடு கம்பளி சேர்த்துத் தைத்தார்கள். அதற்கப்புறம் வீட்டுக்கு வீடு வந்தது. பிள்ளையை அனுப்புகிற வீடு தன் கம்பளியையும் அனுப்ப வேண்டும் என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது. வெளியே பார்த்தால் யோகராணி வீட்டு முன்னறையில் ஒரு கறுப்புக் கூடாரம், அவ்வளவுதான், கதவுக்கும் அடுப்புக்கும் நடுவே ஆள் நடக்க வழி இருந்தது. உள்ளேயோ, தைத்துச் சேர்த்த ஒவ்வொரு கம்பளிக்கும் ஒரு தெரு கூடிக்கொண்டே போனது என்று பிள்ளைகள் சொன்னார்கள். பெரியவர்களுக்குத் தலை நுழைந்தது, தோள் நுழையவில்லை.

மேல் டிவிஷன் அதற்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொண்டது. பள்ளிக்கூடத்து ஜெசிந்தா டீச்சர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து கூடார வாசலில் போட்டு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தார், உள்ளேயிருந்து கோரஸாகப் பதில் வந்தது, இரண்டு பேர் எப்போதும் தப்பாகச் சொன்னார்கள், யாரென்று பார்த்துக் காதைத் திருக முடியவில்லை என்பதுதான் டீச்சருக்கு ஒரே வருத்தம். சொட்டு மருந்து கொடுக்க வந்த நர்ஸ் வாசலில் முட்டி போட்டுக்கொண்டு, கம்பளி இடுக்கு வழியாக நீட்டின நாக்குகளில் ஒவ்வொன்றாகச் சொட்டுவிட்டார், ஒரே நாக்கு மறுபடி நீட்டுகிறதோ என்று சந்தேகப்பட்டார். கிறிஸ்துமஸ் பாட்டுக்காரர்கள் வந்து பாடினார்கள், உள்ளே கைதட்டல் கேட்டது. பொங்கலுக்குக் கரும்பை முழுசாக உள்ளே தள்ளினார்கள், சக்கை வெளியே வந்தது. பெரிய பங்களாவுக்குச் சேதி போய், மேனேஜர் ஜீப்பில் வந்து இறங்கி, கூடாரத்தைச் சுற்றி வந்து, கையை விட்டுப் பார்த்து, வெகுநேரம் யோசித்துவிட்டு, புது நாற்றுகளைக் கொஞ்சம் உள்ளே அடுக்க முடியுமா என்று பெஞ்சமினிடம் கேட்டார். பெரிய படிப்பு படித்தவர், அவருக்கு அப்படித்தான் தோன்றும்.

பிள்ளைகள் சந்தோஷமாக இருந்தார்கள், இதை யாரும் மறுக்க முடியாது. கண்ணாமூச்சி ஆடுகிற சத்தமும், பாண்டி ஆடிக் கால் பதிகிற சத்தமும், கிஷோர் கண்டக்டராகி மேட்டுப்பாளையம் மேட்டுப்பாளையம் என்று கத்துகிற சத்தமும் நாள் முழுக்கக் கேட்டன. பெரியவர்கள்தான் குளிரில் கிடந்தார்கள். கம்பளியெல்லாம் உள்ளே போய்விட்டதால் சேலையையும் சாக்கையும் போர்த்திக்கொண்டார்கள், அது கூடப் பரவாயில்லை. அவர்கள் கைதான் கெட்டுப்போனது. முதலில் விரல் நுனி சில்லிட்டது, பிறகு உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு. அடுப்பில் காட்டினாலும் சூடேறவில்லை, கையில் பிடித்த டீ வாய்க்குப் போவதற்குள் ஆறிப்போனது, அன்னக்கிளி கரைத்த இட்லி மாவு பொங்கவே இல்லை. இந்தப் பனிக்கு அப்படித்தான் இருக்கும் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள். யோகராணி தட்டு நீட்டும்போது கிஷோர் தட்டின் விளிம்பை மட்டும் பிடித்து வாங்கக் கற்றுக்கொண்டான். தெரியாமல் விரல் பட்டுவிட்டால், "ஐயோ, எவ்வளவு பனிம்மா" என்று கையை உதறிக்கொண்டு உள்ளே ஓடிவிடுவான். அவன் ஓடுகிற சத்தம் தூரத்தில் தேய்ந்து மறையும்வரை அவள் காதைக் கொடுத்துக்கொண்டு இருப்பாள்.

மோகனதாஸ் பொங்கலுக்கு வந்தபோது மகனுக்குக் குரங்குக் குல்லாவும் சாவி கொடுத்தால் ஓடுகிற பஸ்ஸும் வாங்கி வந்தான். குல்லா வேண்டாம், இங்கே வேர்க்கிறது என்று பிள்ளை பஸ்ஸை மட்டும் வாங்கிக்கொண்டான். தலையை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த மோகனதாஸ், வெளியே எடுத்தபோது முகமெல்லாம் வேர்த்து, கண் கலங்கியிருந்தான். பிள்ளை ஓடுகிறான், மூச்சு வாங்காமல் ஓடுகிறான், இப்படி அவன் ஓடி நான் பார்த்ததே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னான். ஊருக்குக் கிளம்புகிற அன்று மட்டும், "ஒருதரம் தூக்கிக் கொஞ்சிட்டுப் போறேனே யோகா" என்று கேட்டான். அவள் அவனுடைய கையைப் பிடித்துப் பார்த்தாள். வந்த சில நாளிலேயே அதுவும் சில்லிட்டிருந்தது. அவன் பஸ் ஏறிப் போய்விட்டான்.

மாசியில் பனி விட்டது. ஒரு காலையில் கூரைத் தகரம் காய்ந்து சடசடத்தது, குழாயில் தண்ணீர் துப்பிக்கொண்டு வந்தது, பாட்டிலுக்குள் எண்ணெய் தன்பாட்டில் உருகியது. நாற்றுகளின் தழையை எடுத்துவிடச் சொன்ன பெஞ்சமின், இனிமேலும் மூடி வைத்தால் வெளுத்து நெட்டையாகி ஒன்றுக்கும் உதவாமல் போகும் என்றார். சொல்லும்போதே அவருக்கும் கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கும் ஒரே நினைப்பு வந்தது. எல்லோரும் யோகராணி வீட்டுக்கு ஓடிவந்து, பனி விட்டுருச்சு வாங்க வாங்க என்று கூப்பிட்டார்கள். கம்பளி இடுக்கில் சின்ன விரல்கள் நீண்டு, அவரவர் அம்மாவின் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சுருண்டுகொண்டன. இன்னும் விடவில்லை என்று பதில் வந்தது. வெளியே வெயில் அடிக்கிறது என்று சத்தியம் செய்தார்கள். பிள்ளைகள் கையை நம்பினார்கள், வாயை நம்பவில்லை.

அப்படித்தானே நாமே பழக்கினோம் என்று யோகராணி நினைத்துக்கொண்டாள். வெயிலில் நின்று கையைக் காய்ச்சிக்கொண்டு வந்தாள், சுட்ட கல்லைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தாள், மற்றவர்களும் என்னென்னவோ செய்து பார்த்தார்கள், ஒன்றும் ஏறவில்லை. பொறுமை கெட்ட ஒரு தகப்பன் அரிவாளை எடுத்துக் கம்பளித் தையலைக் கீறி, தன் மகனைப் பிடித்து இழுத்தான். அந்தக் கை பட்டதும் பையன் வீறிட்டான், உடம்பெல்லாம் வெட்டி வெட்டி இழுத்தது, பயந்துபோய் விட்டுவிட்டார்கள். கிழிந்த இடத்தை அந்தத் தகப்பனே உட்கார்ந்து தைத்தான், தைக்கிறபோது அவன் தோள் குலுங்கியதைப் பார்த்து யாரும் அவனைத் திட்டவில்லை. கையாலாகாதவர்களாக எல்லோரும் வாசலில் உட்கார்ந்தார்கள். உள்ளே பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது, அதைக் கேட்கத்தான் முடியவில்லை.

வழி அன்னக்கிளியின் சின்ன மகளிடமிருந்து வந்தது, அவளும் வழி என்று நினைத்து அதைச் செய்யவில்லை. சோறு வாங்க வந்தவள், "பாவம்மா உன் கை" என்று சொல்லி, பலூன் ஊதுகிற மாதிரி கன்னத்தை உப்பிக்கொண்டு தன் அம்மாவின் விரல்மேல் ஊதினாள். ஊத ஊத அந்த விரல் இளகியது. கிழவியுடையது மாதிரி விறைத்திருந்த கை, ஊதி முடிக்கையில் குமரி கைபோலச் சிவந்துவிட்டது. தொட்டுப் பார்த்த பிள்ளை, "அட, பனி விட்டுருச்சு" என்று வெகு சாதாரணமாகச் சொல்லி, செருப்பைத் தேடிக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அன்னக்கிளி அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு லயன் முழுக்க ஓடினாள். அன்றைக்கெல்லாம் கம்பளி இடுக்கில் கைகள் நீண்டபடி இருந்தன, உள்ளேயிருந்து ஊதுகிற சத்தம் துருத்தி மாதிரி கேட்டது. கையின் சில்லிப்பு லேசில் போகிற சில்லிப்பு இல்லை, நெஞ்சு நிறைய மூச்செடுத்து விடாமல் ஊத வேண்டியிருந்தது, பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து ஊதினார்கள். பெற்ற பிள்ளையின் மூச்சுக்குத்தான் அந்தக் கை இளகியது, வேறு பிள்ளைகள் ஊதினால் ஒன்றும் நடக்கவில்லை. அன்னக்கிளியின் பெண்கள் இரண்டு பேரும் யோகராணியின் கையில் மாறி மாறி ஊதிப் பார்த்துவிட்டு, தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

பிள்ளை வெளியே வந்த வீடு தன் கம்பளியைப் பிரித்து எடுத்துக்கொண்டு போனது. வாரக் கடைசியில் கயிற்றின்மேல் யோகராணியின் கம்பளி ஒன்றுதான் மிச்சம், அதற்குள் கிஷோர் ஒருத்தன்தான் மிச்சம். பஸ்ஸில் ஏறக்கூட ஆளில்லை என்று அவன் சொன்னான். அவளும் ஒவ்வொரு நாளும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டே வந்தாள், மாவரைக்க வேண்டும், துணி இருக்கிறது, அம்மாவுக்குக் கை ஈரமாக இருக்கிறது. எதற்காகத் தள்ளுகிறாள் என்று அன்னக்கிளிக்குத் தெரியும். அவள் கேட்கவில்லை. கிஷோர்தான் கேட்டான். வெளியே பிள்ளைகள் டயர் உருட்டிக்கொண்டு போகிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, "அம்மா, நானும் ஊதுறேன். கையக் குடு" என்றான்.

கதவு வழியாக மாசி வெயில் அவள் முதுகுவரை வந்திருந்தது. முட்டி போட்டு உட்கார்ந்து கையை உள்ளே நீட்டினாள். கிஷோர் ஊதினான். சின்ன ஊதல்தான், சுடுசோற்றை ஆற்றுகிற அளவுக்குக்கூட இல்லை. நகக்கண்ணில் ஒரு சூடு வந்தது. அவன் மறுபடி ஊதினான், மறுபடியும் ஊதினான், வருதா வருதா என்று நடுநடுவே கேட்டுக்கொண்டான். விரல்கள் ஒவ்வொன்றாக உயிர்வந்து மடங்கின. எத்தனையோ நாளைக்கப்புறம் தன் பிள்ளையின் கன்னத்தை அந்த விரல்களால் தடவிப் பார்த்தாள், வழுவழுவென்று, வேர்வையாக இருந்தது. இன்னும் ஊது சாமி என்று சொல்ல வாயெடுத்தாள். அப்போதுதான் அந்தப் பூனைக்குட்டி கத்தியது.

முதலில் வெளியே எங்கோ கத்துகிறது என்று நினைத்தாள், நினைக்க விரும்பினாள். அடுத்த ஊதலில் இன்னும் தெளிவாகக் கேட்டது. கிஷோர் நிறுத்தவில்லை, சிரித்துக்கொண்டே இழுத்து இழுத்து மூச்செடுத்தான், ஒவ்வொரு மூச்சுக்கும் அவன் கழுத்துக்குழி உள்வாங்குவது அவள் விரலுக்குத் தெரிந்தது. அவள் கை உள்ளங்கைவரை சூடாகிவிட்டிருந்தது. வெடுக்கென்று வெளியே இழுத்து முந்தானைக்குள் சுற்றிக்கொண்டாள்.

"போதும் தங்கம். ஊதாத."

"சூடாயிருச்சாம்மா?" இரண்டு சொல்லுக்கு நடுவே அவன் நின்று மூச்சு வாங்கினான். "நான் வரட்டுமா?"

வெளியே டயர் உருளுகிற சத்தம் வீட்டைத் தாண்டிப் போய், திரும்பி வந்தது. அவன் மூச்சு சமனாகிறதா என்று அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். சூட்டில் கொஞ்சம் கொஞ்சமாகச் சமனானது.

"இல்ல சாமி" என்றாள். "இன்னும் பனி விடல. நீ உள்ளயே இரு."

"சரிம்மா" என்றான். நம்பிவிட்டான். "நீ பனியில நிக்காத, ஸ்வெட்டர் போட்டுக்க."

கம்பளியை இறக்கி, காற்றுப் போகாமல் ஓரத்தைச் சாக்குக்கு அடியில் மடித்துச் செருகினாள், எல்லாவற்றையும் இடது கையாலேயே செய்தாள். அந்தச் சூடு சாயங்காலம்வரை வலது கையில் இருந்தது. அதுவரை அந்தக் கையால் அவள் எதையும் தொடவில்லை.